பிற்பகல் இரண்டு மணிக்குக் கறி ஏன் தீர்ந்துபோகிறது: டெக்சஸ் பார்பிக்யூக் கடை இயங்கும் விதம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், இறைச்சியை விறகுப் புகையில் வேகவைத்து விற்கும் பேர்பெற்ற பார்பிக்யூக் கடைகள் பெரும்பாலும் காலை 11 மணிக்குத் திறக்கின்றன. பிற்பகல் ஒன்றரை, இரண்டு மணிக்கெல்லாம் 'தீர்ந்துவிட்டது' என்ற பலகை தொங்கும். வாசலில் வரிசை நிற்கும்போதே கடையை மூடுவது புதிதாக வருபவர்களுக்கு விளங்குவதில்லை. கூட்டம் சேர்க்கச் செய்யும் உத்தி என்றுகூடச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இன்று மதியம் எவ்வளவு கறி விற்கலாம் என்பது நேற்றே முடிவாகிவிட்ட விஷயம். கறியை எடைபோட்டு விற்பது, வரிசை மெதுவாக நகர்வது, விலை கண்ணைக் கட்டுவது என்று அங்கே நமக்குப் புதிராகத் தெரியும் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: பிரிஸ்கெட் என்னும் கறித்துண்டு கேட்கும் நேரம்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் முன்கால்களுக்கு இடையே உள்ள நெஞ்சுப் பகுதி. மாட்டுக்குக் காறையெலும்பு கிடையாது. உடல் எடையில் பாதிக்கு மேற்பட்டதை முன்னங்கால்களைச் சுற்றியுள்ள தசைகளே தாங்கியாக வேண்டும். நாள் முழுக்க உழைக்கும் தசை என்பதால் அதில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசு நிறைய. ஒரு மாட்டில் இரண்டே துண்டுதான் கிடைக்கும். கடைக்கு வரும் முழுத் துண்டு பொதுவாக 12 முதல் 16 பவுண்டு, அதாவது ஐந்தரை முதல் ஏழு கிலோ எடை இருக்கும். அதில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. தட்டையாகவும் கொழுப்புக் குறைவாகவும் இருப்பது 'ஃபிளாட்'. தடிமனாக, கொழுப்பு ஊடோடிக் கிடப்பது 'பாயின்ட்'. இரண்டின் நார்களும் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. இதை நினைவில் வைத்துக்கொண்டால் கல்லாவில் கேட்கப்படும் கேள்விகள் பாதி புரிந்துவிடும்.

கொலாஜன் உருகி ஜெலட்டினாக வேண்டும். ஆட்டுக்கால் பாயா ஆறியதும் கட்டியாக உறைகிறதே, அதே பொருள்தான். கறியின் உள்வெப்பம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் இந்த மாற்றம் வேகமெடுக்கிறது. அப்போதும் பல மணி நேரம் பிடிக்கும். வெப்பத்தைக் கூட்டி அவசரப்படுத்தினால் கொலாஜன் இளகுவதற்கு முன்பே தசைநார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்துவிடும். அதனால் அடுப்பை 107 முதல் 135 டிகிரிக்குள் வைத்து, 10 முதல் 14 மணி நேரம்வரை விறகுப் புகையில் வேக விடுகிறார்கள்.

சமையல்காரரின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் ஒன்று நடுவே வரும். உள்வெப்பம் 65 டிகிரியை ஒட்டி வந்ததும் வெப்பமானி முள் அப்படியே நின்றுவிடும். நான்கு, ஐந்து மணி நேரம்கூட அசையாது. கறியிலிருந்து கசியும் ஈரம் மேற்பரப்பில் ஆவியாகி, அடுப்பு தரும் சூட்டை அதே வேகத்தில் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை நம் உடலைக் குளிர்விப்பதும் இதே இயற்பியல்தான். அமெரிக்கர்கள் இதை 'ஸ்டால்' என்கிறார்கள். பதறிப்போய்த் தீயைக் கூட்டுவது வழக்கமான பிழை. மேலே கருகும், உள்ளே ரப்பராக நிற்கும். அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவி தப்பாது, வேலை சீக்கிரம் முடியும், ஆனால் மேலே உருவான கறுத்த மொறுமொறுப்புத் தோல் நனைந்து தொளதொளத்துவிடும். பூச்சு பூசாத இளஞ்சிவப்புக் கசாப்புக் காகிதம் நடுவழி: கொஞ்சம் ஆவியை விடும், கொஞ்சம் பிடித்துவைக்கும். ஆஸ்டினின் ஆரன் ஃபிராங்க்ளின் இதைப் பிரபலமாக்கினார். 2009இல் ஒரு டிரெய்லர் வண்டியில் கடை தொடங்கி, 2015இல் சமையல்காரர்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றவர். இன்று பல கடைகளில் இந்தக் காகிதம்தான்.

மசாலா என்று பார்த்தால் மத்திய டெக்சஸில் உப்பும் கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் மட்டுமே. சில கடைகளில் பூண்டுத்தூள் சேரும். வெளிக்கொழுப்பை ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் விட்டு மீதியைச் சீவிவிடுவார்கள். அதற்கு மேல் விட்டால் உருகாமல் வழவழவென்று நிற்கும்; ஒட்டச் சீவினால் அடியில் கறி காய்ந்துபோகும்.

விறகு பெரும்பாலும் போஸ்ட் ஓக். அந்த வட்டாரத்தில் தாராளமாக விளையும் மரம், நிதானமாக எரியும், புகை காரமடிக்காது. அதைப் பல மாதங்கள் உலரவைத்துத்தான் அடுப்பில் போடுவார்கள். ஈர விறகு வெள்ளையாகக் கெட்டிப் புகை கக்கும். அது படிந்த கறி நாக்கில் கசக்கும், அடித்தொண்டையில் ஒட்டும். காற்று தாராளமாகப் பாய்ந்து நன்றாக எரியும் தீயிலிருந்து வரும் புகை கண்ணுக்கே சரியாகத் தெரியாது, இலேசான நீலம் தட்டும். அந்த நிலையைத் தக்கவைக்க அரைமணிக்கு ஒருமுறையாவது ஒருவர் வந்து கட்டை வைத்தாக வேண்டும், இரவு இரண்டு மணியானாலும். எரிவாயு அடுப்பில் விறகுத் துண்டுகள் இரண்டைச் செருகி வேகவைக்கும் கடைகளும் ஏராளம். கடைக்குப் பின்னால் விறகு அடுக்கி இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை. கறியின் ஓரத்தில் தெரியும் ரோஜா நிற வளையத்தை வைத்து முடிவுகட்டுவது நல்ல சோதனையாகாது. விறகு எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்னும் புரதத்தோடு சேர்வதால் அந்த நிறம் வருகிறது. சுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை, பதனிடும் உப்பைத் தடவியே வரவழைத்துவிடலாம். அதனால்தான் கேன்சஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் போட்டிகளில் அதற்கு மதிப்பெண் தருவதில்லை.

உள்வெப்பம் 95 டிகிரியை நெருங்கும்போது கறி முடிந்த மாதிரிதான். இருந்தாலும் தேர்ந்தவர்கள் எண்ணை நம்பி எடுப்பதில்லை. வெப்பமானியின் ஊசி தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்குகிறதா என்று பார்த்துத்தான் எடுக்கிறார்கள். அதன் பிறகு ஓய்வு. சூடு தணியத் தணிய ஜெலட்டின் இறுகி, சாறு உள்ளே தங்கும். குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும். இப்போது பல கடைகள் பகலில் வேகவைத்து முடித்து, இரவு முழுவதும் 60–65 டிகிரியில் ஒரு சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் மதியம் விற்கின்றன. சூடான உணவை 57 டிகிரிக்குக் கீழே விடக் கூடாது என்பது அமெரிக்க அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாகத் தரும் உணவு விதி. இந்த முறை அதற்கும் பொருந்தும், கறிக்கும் நல்லது.

எந்த வழியில் போனாலும் கணக்கு ஒன்றுதான். சனிக்கிழமை 11 மணிக்கு வெட்டப்போகும் துண்டு வெள்ளிக்கிழமையே அடுப்பேறியிருக்க வேண்டும். மதியம் கூட்டம் கூடினால் இன்னும் பத்துத் துண்டு போட்டுவிட முடியாது. மிஞ்சினாலோ மறுநாள் சூடாக்கி விற்றால் கடையின் பெயர் கெடும். ஆகவே கொஞ்சம் குறைவாகவே போடுகிறார்கள். லெக்சிங்டன் என்னும் சிற்றூரில் உள்ள ஸ்னோஸ் கடை சனிக்கிழமை மட்டுமே திறக்கும். டெக்சஸ் மன்த்லி இதழ் 2008இலும் 2017இலும் மாநிலத்தின் முதலிடத்தை அதற்குத்தான் தந்தது.

எடைபோட்டு விற்கும் பழக்கம் இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் கசாப்புக் கடைகள் வைத்தார்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். விற்காமல் மிஞ்சிய துண்டுகளைப் புகையில் வேகவைத்தும், அரைத்துக் குடலில் அடைத்துச் சாசேஜ் செய்தும் விற்றார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித்தொழிலாளர்கள் அதைக் கசாப்புக் காகிதத்தில் வாங்கி, பிஸ்கட், ஊறுகாய், வெங்காயத்தோடு அங்கேயே நின்று தின்றார்கள். குழியில் இறைச்சி வாட்டும் கறுப்பின மக்களின் நீண்ட மரபும் இதோடு கலந்திருக்கிறது. பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தாலும், பல பழைய கடைகளில் அடுப்படியில் நின்றவர்கள் அவர்கள்தான். 1900இல் லாக்ஹார்ட்டில் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் வெகுகாலம் முள்கரண்டியும் சாஸும் தராமலே நடந்தது. அந்த நாளில் மாட்டின் முன்பகுதி முழுவதையும் வெட்டிப் பயன்படுத்தினார்கள். 1960களில் இறைச்சி ஆலைகள் துண்டுகளைத் தனித்தனியே பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கிய பிறகுதான், மலிவாகக் கிடைத்த பிரிஸ்கெட் அரியணை ஏறியது. தட்டுக்குப் பதில் காகிதம், பக்கத்தில் வெள்ளை ரொட்டி, வெங்காயம் என்று இன்றும் தருவது அந்தக் கசாப்புக் கடையின் மிச்சம்தான்.

இனி வரிசையில் நிற்பவருக்கு. வரிசை எவ்வளவு வேகத்தில் நகரும் என்பது கத்தி பிடித்து நிற்கும் ஒருவரின் கையில் இருக்கிறது. வெட்டிய பிரிஸ்கெட் சில நிமிடங்களிலேயே கறுத்துக் காயத் தொடங்குவதால் முன்கூட்டி வெட்டிக் குவித்துவைக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே வெட்டித் தராசில் வைக்கிறார்கள். முன்பே வெட்டி ஆவித்தட்டில் போட்டுவைத்திருக்கும் கடையில் வரிசை வேகமாகப் போகும். கறி அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

முதல் கேள்வி: 'லீன்' வேண்டுமா, 'மாய்ஸ்ட்' வேண்டுமா? முன்னது ஃபிளாட், பின்னது பாயின்ட். முதன்முறை போகிறவர் பாயின்ட் கேட்பதுதான் நல்லது. ஃபிளாட் சரியாக அமைவது அரிது. அமைந்துவிட்டால் அதற்கு ஈடில்லை. இரண்டிலும் பாதிப் பாதி தரச் சொல்லலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு பவுண்டு 454 கிராம். பெரியவர் ஒருவருக்கு எல்லா இறைச்சியும் சேர்த்து அரை பவுண்டு போதும். பக்கத் தொடுகறிகள் வாங்கினால் ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். நால்வர் போனால் ஒரு பவுண்டு பிரிஸ்கெட், அரை பவுண்டு பன்றி விலா, ஒரு சாசேஜ், ஒரு பைன்ட் (ஏறத்தாழ அரை லிட்டர்) அளவில் இரண்டு தொடுகறி வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். மாட்டு விலா கேட்கும்போது மட்டும் விலையை முதலில் விசாரித்துவிடுங்கள். ஒற்றை விலாவே எலும்போடு ஒரு பவுண்டைத் தாண்டும், எலும்புக்கும் சேர்த்தே எடை. கட்டணம் பார்த்த பிறகு திகைத்து நிற்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுகிறார்கள்.

தட்டுக்கு வந்த துண்டைச் சோதிக்க வழி உண்டு. பென்சில் தடிமனில் நாருக்குக் குறுக்கே வெட்டிய ஃபிளாட் துண்டை விரல்மேல் தொங்கவிட்டால் வளைந்து தொங்க வேண்டும், அறுந்து விழக் கூடாது. இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தால் சற்றே எதிர்த்துப் பிறகு பிரிய வேண்டும். இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனால் வேகவில்லை. தொட்டதும் உதிர்ந்தால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. மென்மையாக இருந்தும் வாயில் வறண்டால் ஓய்வு போதாமலோ, சூட்டுப் பெட்டியில் நெடுநேரம் கிடந்தோ வந்திருக்கும். நீளநீளமாக நார் தெரிந்தால் கறியின்மேல் குற்றமில்லை, வெட்டியவர் நாரின் போக்கைப் பார்க்கவில்லை. பாயின்ட் தொடங்கும் இடத்தில் துண்டைத் திருப்பி வைத்து வெட்டுகிறாரா என்று கவனித்தாலே அவர் கைப்பழக்கம் தெரிந்துவிடும்.

விலை ஏன் இவ்வளவு? ஆஸ்டினின் பெயர்பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டு 30 டாலரைத் தாண்டிவிட்டது. 14 பவுண்டு பச்சைத் துண்டில் சீவி எடுப்பது இரண்டு முதல் நான்கு பவுண்டு. வேகும்போது தண்ணீரும் கொழுப்புமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கையில் மிஞ்சுவது ஆறரை, ஏழு பவுண்டு. பச்சைக்கறி பவுண்டு 5 டாலர் என்று வைத்துக்கொண்டாலே, வெந்த கறியின் அடக்கவிலை 10 டாலரைத் தொட்டுவிடும். விறகு, இரவுக் காவல், வாடகை எல்லாம் அதற்கு மேல். உண்மையில் பிரிஸ்கெட்டில் கடைக்கு நிற்கும் ஆதாயம் சொற்பம். பீன்ஸும், கோல்ஸ்லா என்னும் முட்டைக்கோஸ் சாலட்டும், குளிர்பானமும்தான் கடையை ஓட்டுகின்றன. 2024 நவம்பரில் சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷலின் கையேடு டெக்சஸுக்கு முதன்முறை வந்தபோது இன்டர்ஸ்டெல்லர், லா பார்பிக்யூ, லீராய் அண்ட் லூயிஸ், கார்க்ஸ்க்ரூ ஆகிய நான்கு பார்பிக்யூக் கடைகள் தலா ஒரு நட்சத்திரம் பெற்றன. வரிசை இன்னும் நீண்டதுதான் மிச்சம்.

சீவி எடுத்த கொழுப்பும் கறியும் வீணாவதில்லை. கொழுப்பை உருக்கி வைத்துக்கொள்வார்கள். கறியை அரைத்துச் சாசேஜாகவும் பர்கராகவும் மாற்றுவார்கள். பல பார்பிக்யூக் கடைகளில் பர்கர் அத்தனை நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். நேரத்தைப் பொறுத்தவரை பர்கர் நேரெதிர்: மூன்றே நிமிடம். 80 பங்கு கறிக்கு 20 பங்கு கொழுப்பு என்பது பொது விகிதம். 60 முதல் 80 கிராம் உருண்டையை 200 டிகிரிக்கு மேல் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்தித் தட்டையாக்கிவிட வேண்டும். கறி முழுப்பரப்பும் கல்லில் ஒட்டிப் பழுப்பேறி, ஓரம் சரிகைபோல் மொறுமொறுக்கும். அதே அழுத்தத்தை இரண்டாம் நிமிடம் கொடுத்தால் உருகிய கொழுப்பும் சாறும் வெளியே ஓடிவிடும். உப்பைக் கறியோடு பிசையக் கூடாது, கல்லில் போட்ட பிறகு மேலே தூவ வேண்டும். முன்பே பிசைந்தால் புரதம் கரைந்து பசையாகி, சாசேஜ்போல் இறுகிவிடும். பன்னை வெண்ணெயில் வாட்டுவதற்கும் வேலை இருக்கிறது: சாறு இறங்கி ரொட்டி ஊறிப்போகாமல் தடுக்கும்.

உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் தடித்த பர்கர் கேட்டால் எந்தப் பக்குவத்தில் வேண்டும் என்று கேட்பார்கள். அரைக்காத முழுக் கறித்துண்டான ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகத் தின்னலாம், ஏனென்றால் கிருமி மேற்பரப்பில் இருக்கும், சூடு அதைக் கொன்றுவிடும். அரைத்த கறியில் மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் 71 டிகிரி அதற்காகத்தான். 1993இல் ஜாக் இன் த பாக்ஸ் உணவகங்களில் சரியாக வேகாத பர்கர் வழியே ஈ.கோலை O157:H7 பரவி 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருப்பதே கலப்படம் என்று அரசு அறிவித்தது. மெனுவின் அடியில் நட்சத்திரக் குறியிட்ட சிறு எழுத்து எச்சரிக்கை இதைப் பற்றியதுதான். சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் முழுக்க வெந்ததையே கேளுங்கள்.

பணம் கட்டும்போது: மெனுவிலுள்ள விலையில் வரி சேராது. டெக்சஸின் பெரும்பாலான நகரங்களில் 8.25 சதவீதம் கூடும். மேசைக்கு வந்து பரிமாறும் இடத்தில் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது ஏறக்குறையக் கடமை. டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991க்குப் பிறகு அது ஏறவே இல்லை. கல்லாவில் நீங்களே வாங்கிச் செல்லும் கடையில் திரை 20, 25 என்று காட்டினாலும் அது உங்கள் விருப்பம். கூட்டமாகப் போனால் ரசீதில் 'கிராட்யுட்டி' என்ற பெயரில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

ஹியூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அலுவலக மதிய விருந்து என்றால் பெரும்பாலும் பார்பிக்யூதான். மாட்டிறைச்சியோ பன்றியோ உண்ணாதவர்களும் சைவர்களும் சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பின்டோ பீன்ஸில் பிரிஸ்கெட் துணுக்கோ பேக்கன் என்னும் பன்றிக்கறியோ கிடக்க வாய்ப்பு மிக அதிகம். மாட்டுச் சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் மேல்தோல் பன்றிக் குடலாக இருக்கலாம். வான்கோழி நெஞ்சுக்கறி கிடைக்கும், சுவையும் நன்றாக இருக்கும். ஆனால் அதே அடுப்பு, அதே பலகை, அதே கத்தி, சில இடங்களில் மேலே தடவியிருப்பது மாட்டுக்கொழுப்பு. பிரெஞ்சு ஃபிரையையும் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு. கோல்ஸ்லா, மேக் அண்ட் சீஸ், சோளம் ஆகியவற்றில் பொதுவாக இறைச்சி சேராது, உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை இருக்கும், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சைவ பர்கரை அதே கல்லில்தான் சுடுவார்கள். பர்கர் கிங் 2019இல் நாடு முழுவதும் கொண்டுவந்த, இறைச்சியில்லாத இம்பாசிபிள் வாப்பர் பர்கரும் இறைச்சி வேகும் அதே அடுப்பில்தான் போகிறது. தனியாகச் சுட்டுத் தரச் சொல்லிக் கேட்டால் வேறு முறையில் செய்து தருவார்கள்.

வீட்டுக்கு வாங்கிப் போவதானால் வெட்டாத ஒரே துண்டாகக் கேளுங்கள். காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால், டெக்சஸ் கோடையில் எப்போதும் தாண்டும், ஒரு மணி நேரம்தான் கெடு. மறுநாள் இரண்டு கரண்டி சாறோ தண்ணீரோ விட்டு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 120 டிகிரி ஓவனில் உள்வெப்பம் 74 வரும்வரை வைத்து, அதன் பிறகே கத்தி போட வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஃபிளாட் இரண்டு நிமிடத்தில் விறைத்துவிடும்.